மாசி வீதிகளை 48 கேபி-க்குள் அடக்குவது எப்படி: ஸ்பெக்ட்ரமில் ஒரு சாகச விளையாட்டு

சாகச விளையாட்டு, அதாவது திரையில் வரும் வர்ணனையைப் படித்து, கட்டளை அடித்து இடம் இடமாக நகரும் கணினி விளையாட்டு, எழுத விரும்புகிறவர்கள் முதலில் கீபோர்டைத் தொடக்கூடாது. ஒரு நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்க வேண்டும். என்னிடம் கணக்கு டியூஷன் படிக்க வரும் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் நான் இதைத்தான் முதல் வேலையாகக் கொடுக்கிறேன். "மிஸ், கம்ப்யூட்டரை எப்ப ஆன் பண்ணுவோம்?" என்று கேட்டுக்கொண்டேதான் வருவார்கள். மதுரை கீழமாசி வீதியில் ஒரு சுற்று நடந்து முடித்ததும் அந்தக் கேள்வி நின்றுவிடும்.

இது நானாகக் கண்டுபிடித்த வழி இல்லை. இந்த வகை விளையாட்டு பிறந்ததே இப்படித்தான். வில் கிரவுதர் என்ற அமெரிக்க புரோகிராமருக்குக் குகைகளுக்குள் போய் அளந்து வரைபடம் போடுவதில் பெரிய ஆர்வம். கென்டக்கி மாநிலத்தில் இருக்கும் மாமத் குகையின் ஒரு பகுதியை, தான் நேரில் ஊர்ந்து அளந்த குகையை, 1970-களின் நடுவில் பிடிபி-10 கணினியில் ஃபோர்ட்ரான் மொழியில் எழுத்து வடிவ விளையாட்டாக ஆக்கினார். தன் மகள்கள் விளையாடுவதற்காக எழுதியது. 1977-ல் டான் உட்ஸ் அதை விரிவாக்கினார். அடுத்த ஆண்டே ஸ்காட் ஆடம்ஸ் அதே பாணியில் டிஆர்எஸ்-80 என்ற வீட்டுக் கணினிக்கு 16 கேபி (கிலோபைட்) நினைவகத்துக்குள் ஒரு விளையாட்டை அடக்கிக் காட்டினார். அப்புறம் வீட்டுக் கணினி இருந்த இடமெல்லாம் சாகச விளையாட்டு போய்ச் சேர்ந்தது. முதல் விளையாட்டின் பலம் அதில் வரும் மந்திரச் சொற்களில் இல்லை. எழுதியவருக்கு அந்தக் குகையில் எந்தப் பக்கம் திரும்பினால் எங்கே போய் நிற்போம் என்று காலுக்குத் தெரியும், பலம் அதில்தான். மதுரைக்காரர்களுக்கு மாசி வீதி அப்படித் தெரியும்.

நான் பயன்படுத்துவது இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். 1982-ல் இங்கிலாந்தில் வந்த கணினி. 1986-ல் டெசிபெல்ஸ் நிறுவனம் உரிமம் வாங்கி ஸ்பெக்ட்ரம் பிளஸ்ஸை இந்தியாவில் விற்றது. அப்படி ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். உங்களிடம் நிஜ இயந்திரம் இல்லாவிட்டால் கவலை வேண்டாம். ஸ்பெக்ட்ரம்போலவே நடந்துகொள்ளும் ஃபியூஸ் என்ற இலவச எமுலேட்டரை எந்தச் சாதாரண கம்ப்யூட்டரிலும் போட்டுக்கொள்ளலாம். கீழே நான் சொல்வதெல்லாம் அதிலும் அப்படியே நடக்கும். ஒன்று மட்டும் முதலில் விசித்திரமாக இருக்கும். இதில் கட்டளைகளை எழுத்தெழுத்தாக அடிப்பதில்லை. வரியின் தொடக்கத்தில் 'பி' அழுத்தினால் பிரிண்ட், 'எல்' அழுத்தினால் லெட், 'ஹெச்' அழுத்தினால் கோசப் என்று முழுச் சொல்லாக விழும். கொஞ்ச நேரத்தில் விரல் பழகிவிடும்.

சரி, வரைபடத்துக்கு வருவோம். கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி, வெளி என்று சதுரத்துக்குள் சதுரமாக வீதிகள். ஒவ்வொன்றுக்கும் கீழ, தெற்கு, மேல, வடக்கு என்று திசை முன்னாலேயே ஒட்டியிருக்கிறது. சாகச விளையாட்டில் வீரர் நகர்வதும் நான்கு திசையில்தான். இதைவிடத் தயாரான வரைபடம் எங்கே கிடைக்கும்? ஆனால் எல்லா வீதியையும் சேர்க்க ஆசைப்படாதீர்கள். முதல் விளையாட்டுக்கு மாசி வீதிச் சுற்றும் ஆவணி மூல வீதிச் சுற்றும் போதும்.

இங்கே ஒரு சிக்கல் வரும். எல்லாப் பிள்ளைகளும் இதில்தான் தடுக்குவார்கள். சாகச விளையாட்டில் வீரர் நிற்கும் ஒவ்வொரு இடத்தையும் அறை என்போம். கீழமாசி வீதி ஒரு அறை, வடக்கு மாசி வீதி ஒரு அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழமாசியில் நின்று வடக்கே போனால் வடக்கு மாசிக்கு வருவீர்கள். திரும்பிப் போக என்ன அடிப்பீர்கள்? தெற்கு என்று அடித்தால் கோயில் பக்கம் போய்விடும். கிழக்கு என்று அடிக்க வேண்டும். வடக்கே வந்தவர் தெற்கே போனால் வந்த இடத்துக்குத் திரும்ப முடியாது என்றால் விளையாடுகிறவருக்குத் தலை சுற்றும். இதற்கு வழி, முக்கையும் தனி அறையாக்குவது. வடகிழக்கு முக்கு ஒரு அறை, விளக்குத்தூண் ஒரு அறை. தேர் திரும்பும்போது முக்கில் நின்று நிதானித்துத்தானே திரும்புகிறது? நம் வீரரும் அப்படியே நிற்கட்டும். மாசிச் சுற்றுக்கு நான்கு வீதி, நான்கு முக்கு, ஆக எட்டு அறை. ஆவணி மூலச் சுற்றுக்கும் முக்கு வைத்தால் வெற்று அறைகள் பெருகிச் சலிப்புத் தட்டும். அங்கே நான்கே அறை வைத்து, திரும்பும்போது 'மூலை திரும்பிவிட்டீர்கள்' என்று ஒரு வரி காட்டினால் போதும்.

இப்போது எண் போடுங்கள். வடகிழக்கு முக்கு 1, கீழமாசி 2, விளக்குத்தூண் 3, தெற்கு மாசி 4, தென்மேற்கு முக்கு 5, மேலமாசி 6, வடமேற்கு முக்கு 7, வடக்கு மாசி 8. உள்ளே கீழாவணி 9, தெற்காவணி 10, மேலாவணி 11, வடக்காவணி 12. ஒவ்வொரு அறைக்கும் வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்ற வரிசையில், அந்தத் திசையில் போனால் வரும் அறையின் எண்ணை இரண்டிரண்டு இலக்கமாக எழுதுங்கள். வழி இல்லையென்றால் 00.

00000208
01000309
02000004
10030005
06040000
07110500
00080600
00011207
12021000
00090411
12001006
08090011

இந்தப் பன்னிரண்டு வரிகளையும் இடைவெளி இல்லாமல் ஒரே சரமாக (எழுத்துத் தொடராக), 96 எழுத்து நீளத்தில், ஒரு மாறியில் (மதிப்பைப் போட்டு வைக்கும் பெயரிட்ட இடத்தில்) போட்டு வையுங்கள். வீரர் ஒரு திசையைச் சொன்னதும் எந்த இடத்திலிருந்து இரண்டு எழுத்தை எடுப்பது? அறை எண்ணை 8-ஆல் பெருக்கி, திசை எண்ணை (வடக்கு 1, கிழக்கு 2, தெற்கு 3, மேற்கு 4) 2-ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டி 9-ஐக் கழியுங்கள். கீழமாசியில் (2) நின்று தெற்கே (3) போகிறீர்கள் என்றால் 16 + 6 − 9 = 13. சரத்தில் 13, 14-ஆம் எழுத்துகள் 03. அதாவது விளக்குத்தூண். அந்த இரண்டு எழுத்தை வேல் என்ற கட்டளை எண்ணாக மாற்றித் தரும்.

ஏன் சரம், ஏன் டேட்டா வரிகளில் எண்களாகப் போடவில்லை என்று கேட்பீர்கள். ஸ்பெக்ட்ரமின் புரோகிராம் மொழியான பேசிக்கில், புரோகிராமுக்குள் எழுதும் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல் ஆறு பைட் ஒளிந்திருக்கும். ஒற்றை இலக்கம் எழுதினாலும் காற்புள்ளியோடு சேர்த்து எட்டு பைட் போய்விடும். 48 கேபி கணினி என்றாலும் திரைக்கு மட்டும் 6912 பைட் போக, உங்கள் கைக்கு வருவது சுமார் 41 கேபி. பன்னிரண்டு அறைக்கு இது பெரிய செலவில்லைதான். ஆனால் விளையாட்டு வளரும். சிக்கனத்தை முதல் நாளிலேயே பழகிக்கொள்வது நல்லது.

அறையின் வர்ணனைக்கு இந்த இயந்திரத்தில் ஒரு அருமையான வசதி இருக்கிறது. வேறொரு வரிக்குப் போய்த் திரும்பி வரச் செய்யும் கோசப் கட்டளைக்கு வரி எண்ணுக்குப் பதிலாக ஒரு கணக்கையே கொடுக்கலாம். 1000-உடன் அறை எண்ணின் பத்து மடங்கைக் கூட்டிக் கோசப் கொடுத்தால், விளக்குத்தூண் வர்ணனை வரி 1030-ல், வடக்காவணி 1120-ல் என்று தானாகப் போய் எடுத்துக்கொள்ளும். வர்ணனையைச் சுருக்கமாக எழுதுங்கள். திரையில் ஒரு வரிக்கு 32 எழுத்துதான், வரிகள் 22. 'பிரம்மாண்டமான, பழமையான வீதி' என்றெல்லாம் எழுத இடமும் இல்லை, தேவையும் இல்லை. கீழமாசிக்கு 'மண்டி வாசலில் மூட்டை இறங்குகிறது. மிளகாய் நெடி' என்றால் போதும். தெற்காவணிக்கு நகைப்பட்டறைச் சுத்தியல் சத்தம். வடக்கு மாசிக்குக் கிருஷ்ணன் கோயில் வாசல். நோட்டோடு தெருவில் நடந்தது இதற்காகத்தான். ஒவ்வொரு இடத்திலும் முதலில் மூக்கிலோ காதிலோ என்ன பட்டதோ அதையே எழுதச் சொல்லுவேன்.

அடுத்தது, வீரர் அடிப்பதைப் புரிந்துகொள்வது. ஆங்கில விளையாட்டுகளில் இரண்டு சொல் கட்டளை, வினை முன்னால், பொருள் பின்னால். நாம் அதை அப்படியே எடுத்தால் 'எடு விளக்கு' என்று யாரும் பேசாத தமிழை அடிக்கச் சொல்ல வேண்டிவரும். ஆங்கில எழுத்திலேயே 'விளக்கை எடு' என்று அடிக்கட்டும். வினை கடைசியில் வரும் என்பது நமக்கு உறுதியாகத் தெரியும். எனவே இன்புட் லைன் கட்டளை மூலம் வாக்கியத்தை வாங்கி, பின்பக்கத்திலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டு வந்து, முதலில் தட்டுப்படும் இடைவெளியில் வெட்டுங்கள். அதற்குப் பின்னால் இருப்பது வினை, முன்னால் இருப்பது பொருள். இடைவெளியே இல்லையென்றால் அது திசை.

வேற்றுமை உருபுகளை என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம். ஸ்காட் ஆடம்ஸ் தன் முதல் விளையாட்டில் ஒவ்வொரு சொல்லிலும் முதல் மூன்று எழுத்தை மட்டும் பார்த்தார். அந்த உத்தி இடத்தை மிச்சப்படுத்த வந்தது, ஆனால் தமிழுக்கென்றே செய்ததுபோல் பொருந்துகிறது. விளக்கு, விளக்கை, விளக்கோடு எல்லாம் தொடக்கத்தில் ஒன்றுதான், உருபு கடைசியில்தான் ஒட்டுகிறது. மரம், மரத்தை என்று சொல்லே மாறினாலும் முதல் மூன்று ஆங்கில எழுத்து மாறுவதில்லை. நான் பொருளுக்கும் வினைக்கும் நான்கு எழுத்து வைத்துக்கொள்கிறேன். ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்கும்போது ஆளுக்கு ஒரு எழுத்துக்கூட்டு வரும். ஒருவர் தெற்கு என்பதில் ஹெச் போடுவார், ஒருவர் போடமாட்டார். ஒப்பிடும் முன் வாக்கியத்தில் இருக்கும் ஹெச் எல்லாவற்றையும் நீக்கிவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்தது. திசைகளுக்கு முதல் எழுத்து மட்டுமே போதும். நான்கும் நான்கு வேறு ஆங்கில எழுத்தில் தொடங்குகின்றன. வடக்குக்கு 'வி'-யும் 'டபிள்யூ'-வும் இரண்டையும் ஏற்றுக்கொள்ளச் செய்யுங்கள். இந்த பேசிக்கில் எல்ஸ் ('இல்லையென்றால்') கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஐஃப் பொய்யானால் அந்த வரி முழுவதையும் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விடும்.

வழி இல்லாதபோது வரும் பதிலுக்கும் கொஞ்சம் யோசியுங்கள். 'தவறான திசை' என்று காட்டினால் அலுவலகப் படிவம்போல் இருக்கும். எங்கள் பிள்ளைகள் எழுதிய விளையாட்டில் 'அங்கிட்டு வழி இல்லப்பா' என்று வரும்.

பொருள்களுக்கும் ஒரு சரம் போதும். ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு இலக்கம், அது இருக்கும் அறை எண். வீரர் கையில் இருந்தால் 99, விளையாட்டுக்குள் இன்னும் வரவில்லை என்றால் 00. எடு என்றால் அந்த இடத்தில் 99 எழுதுவது, வை என்றால் நிற்கும் அறையின் எண்ணை எழுதுவது. அவ்வளவுதான்.

புதிர்களில்தான் நான் கறாராக இருப்பேன். பூட்டு ஒன்று, அதன் சாவி எங்கேயோ ஒரு மூலையில் என்ற புதிரை நான் ஏற்றுக்கொள்வதில்லை. ஒவ்வொரு தடையும் அந்தத் தெருவில் நிஜமாக வரக்கூடிய தடையாக இருக்க வேண்டும், அதன் விடையும் அந்தத் தெருவிலேயே கிடைக்க வேண்டும். கிரவுதர் தொடங்கி உட்ஸ் விரிவாக்கிய குகை விளையாட்டில் விளக்குதான் உயிர். அது எரியும் காலம் அளவானது, அணைந்தால் இருட்டு. மதுரையில் அதற்கு ஈடாக எங்களுக்குக் கிடைத்தது மல்லிகை மொட்டு. வீரர் மொட்டு வாங்கிக்கொண்டு வடக்காவணியில் காத்திருக்கும் அத்தையிடம் சேர்க்க வேண்டும். வாங்கியதும் ஒரு மாறியில் 30 என்று வையுங்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் ஒன்று குறையட்டும். 10 வந்ததும் 'மொட்டு விரியத் தொடங்கியது' என்று ஒரு வரி. 0 ஆனால் பூ வாடிவிட்டது, திரும்ப வாங்க வேண்டும். பூக்காரம்மாவிடம் பெரிய நோட்டை நீட்டினால் "சில்லறையா குடுங்கண்ணே" என்பார். சில்லறை எங்கே கிடைக்கும்? விளக்குத்தூணில் ஒரு ஜிகர்தண்டா குடித்தால் கிடைக்கும். ஆனால் மொட்டை வாங்கிய பிறகு அங்கே போய் உட்கார்ந்தால் நேரம் போய்விடும். எதை முன்னால் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்று வீரர் யோசிக்க ஆரம்பித்தால் அது நல்ல புதிர். ஒரே ஒரு மாறியில் இவ்வளவு பதற்றம் கிடைக்கிறது என்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

திரையில் தமிழ் எழுத்தே வர வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு இது. நானும் அந்தக் கட்சிதான். ஸ்பெக்ட்ரமில் நாமே வரையக்கூடிய எழுத்து 21 இருக்கிறது, ஆனால் தமிழுக்கு அது போதாது. முழு எழுத்துருவையே மாற்றிவிடலாம். முதலில் கிளியர் 63999 கொடுங்கள். அதற்கு மேல் இருக்கும் நினைவகத்தை பேசிக் தொடாது. பிறகு 15616-லிருந்து இருக்கும் பழைய எழுத்துருவின் 768 பைட்டையும் 64000-லிருந்து பிரதி எடுங்கள். பிரதி எடுத்ததில் எண்களையும் நிறுத்தக்குறிகளையும் விட்டுவிட்டு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வரையலாம். கடைசியாக 23607 என்ற முகவரியில் 249 என்று போக் செய்தால் (போக் என்பது நினைவகத்தில் நேரடியாக எண்ணை எழுதும் கட்டளை) திரை புது எழுத்துக்கு மாறும். 60 போட்டால் பழையபடி ஆகும். வீரர் கட்டளை அடிக்கும் முன் 60-க்கு மாற்ற மறக்கக்கூடாது, இல்லாவிட்டால் அவர் அடிப்பது அவருக்கே புரியாது.

வரைவதற்குக் கட்டம் போட்ட நோட்டு வேண்டும். எட்டுக்கு எட்டுக் கட்டம், மேல் வரி எப்போதும் காலி, அது புள்ளிக்கு. ப-வில் தொடங்குங்கள். இரண்டாம் வரியிலிருந்து ஆறாம் வரி வரை இரண்டாம் கட்டமும் ஏழாம் கட்டமும் கறுப்பு. ஏழாம் வரியில் இரண்டிலிருந்து ஏழுவரை எல்லாம் கறுப்பு. எண்ணாக மாற்றினால் 0, 66, 66, 66, 66, 66, 126, 0. இதை ஆங்கிலப் பெரிய 'பி'-யின் (P) இடமான 64384-லிருந்து வரிசையாகப் போக் செய்யுங்கள். வலது கோட்டை எடுத்துவிட்டால் ட. அதாவது 66 எல்லாம் 64 ஆகும். மெய்யெழுத்துக்குத் தனியாக வரைய வேண்டாம். புள்ளியை மட்டும் ஒரு இடத்தில் வரைந்துவைத்து, ஒன்றன் மேல் ஒன்றாக அச்சிட விடும் ஓவர் 1 கொடுத்து எழுத்தை அச்சிட்டு, எட்டாம் குறியீட்டால் ஒரு இடம் பின்னால் வந்து, அதன் மேலேயே புள்ளியை அச்சிடலாம். ண, ஞ, ஐகாரக் கொம்பு இவற்றுக்கு இரண்டு கட்டம் கேட்கும். கு, சு, டு என்று உகரம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம் என்பதால் இடம் சீக்கிரம் தீரும். உங்கள் வர்ணனைகளில் நிஜமாக வரும் எழுத்துகளை மட்டும் கணக்கெடுத்து வரையுங்கள்.

நடுவே ஆர்கேட் மாதிரி ஒரு காட்சி வைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். மேலமாசி வீதியில் ஆட்டோக்களுக்கு நடுவே குறுக்கே கடக்கும் காட்சி ஒன்று வைக்கலாம். இன்கீ கொண்டு விசையைப் படித்து, முழுக் கட்டம் கட்டமாக நகர்த்துங்கள். ஒரு கட்டத்துக்கு இரண்டு நிறம்தான் என்ற கட்டுப்பாடு இந்த இயந்திரத்தில் உண்டு. முழுக் கட்டமாக நகர்ந்தால் நிறங்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. 1983-ல் வந்த மேனிக் மைனர் போல வழுக்கிக்கொண்டு ஓட வேண்டுமென்றால் இயந்திர மொழி வேண்டும். அது வேறு பாடம்.

முடித்ததும் மதுரை தெரியாத ஒருவரை விளையாடச் சொல்லுங்கள். திண்டுக்கல்லிலிருந்தோ தேனியிலிருந்தோ விடுமுறைக்கு வந்த பிள்ளை என்றால் ரொம்ப நல்லது. பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் வாயைத் திறக்காதீர்கள். அவர் கையில் ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து அவரே வரைபடம் போடட்டும். அவர் வரைந்தது சதுரமாக வந்தால் உங்கள் எண்கள் சரி. எங்கேயாவது கோடு கோணிக்கொண்டு போனால் அந்த அறையின் எட்டு இலக்கத்தைப் பாருங்கள். அவர் அடித்து, உங்கள் புரோகிராமுக்குப் புரியாமல் போன ஒவ்வொரு சொல்லையும் நீங்கள் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 'குடி' என்று நீங்கள் எழுதியிருப்பீர்கள், அவர் 'சாப்பிடு' என்பார். 'கொடு' என்பதற்கு 'குடு' என்பார். அத்தனையையும் சேர்த்துவிடுங்கள்.

அதன் பிறகு சேவ் கட்டளையில் பெயருக்குப் பின்னால் லைன் 10 என்று சேர்த்துப் பதிவு செய்யுங்கள். ஏற்றியதும் தானே ஓடத் தொடங்கும். நிஜக் கேசட் என்றால் பதியும்போது இயர் வயரைப் பிடுங்கிவிடுங்கள். பதிந்ததும் வெரிஃபை போட்டுச் சரிபாருங்கள். திரையோரத்தில் முதலில் சிவப்பும் வெளிர்நீலமுமாகப் பட்டைகள் ஓடி, பிறகு நீலமும் மஞ்சளுமாக மாற வேண்டும். மாறாவிட்டால் டேப் ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, சத்தத்தை முக்கால் அளவுக்கு வைத்து மறுபடி பாருங்கள்.